பனிமலையிலும் வெயிலுக்கு முந்தணும்!

பங்குனி வெயில் ஏறுறதுக்குள்ள வேலையை முடிச்சிடணும்னு கறம்பக்குடிப் பக்கம் விடியற்காலையிலேயே வயலுக்குக் கிளம்பிடுவாங்க. பனிமலை ஏறுறவங்களும் அதே வெயிலுக்குத்தான் பயப்படுவாங்கன்னா நம்புவீங்களா?

உத்தராகண்டில் கேதார்காந்தான்னு ஒரு சிகரம். உயரம் ஏறத்தாழ 12,500 அடி. மார்ச் மாசத்திலும் அங்கே பனி மூடியிருக்கும். ராத்திரிக் குளிரில் அந்தப் பனி இறுகி, கால் வைக்கத் தோதா இருக்கும். வெயில் ஏறினா இளகிடும். கால் முழங்கால் வரைக்கும் புதையும். செங்குத்தான இடங்களில் பனிச்சரிவு அபாயமும் கூடும். அதனால இருட்டோட கிளம்பி, டார்ச் வெளிச்சத்தில் ஏறி, சூரியன் உதிக்கிறப்போ உச்சியில் நிப்பாங்க.

வயலோ பனிமலையோ, வெயிலுக்கு முந்தினவங்களுக்குத்தான் வழி சுலபம்!