மருந்து முடிந்தபின் மார்பில் நிற்கும் வாயில்

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அவை. இவ்வரிசையில் நோயுற்றவரே முதலில் நிற்கின்றார் என்பதை நாம் வகுப்பறையில் பலமுறை எடுத்துரைத்திருக்கின்றோம். எனினும், நம் மாணவர் ஒருவரின் இல்லத்தில் எழுந்த ஒரு வழக்கைக் கேட்டபோதுதான் அவ்வரிசையின் அருமை நமக்கு முழுமையாக விளங்கிற்று. அம்மாணவருடைய தாயாரின் வலது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் இருந்த ஒரு சிறு பேழையைப் பற்றியது அவ்வழக்கு.

அத்தாயார் மணவூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் வயல் வேலை செய்து வாழ்பவர். இடது மார்பகத்தில் புற்றுநோய் கண்டு, அறுவை மருத்துவமும் மருந்து மருத்துவமும் கதிர் மருத்துவமும் முடித்து, 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஊர் திரும்பினார். மருத்துவம் முடிந்தது, பேழை மட்டும் உடலிலேயே தங்கிவிட்டது. அதனை எடுத்துவிடுவதா, இருக்கட்டும் என்று விடுவதா என்பதே வினா.

இப்பேழையை மருத்துவமனைகளில் ‘கீமோ போர்ட்’ என்கின்றனர். போர்ட் என்றதும் துறைமுகம் நினைவுக்கு வரும்; ஈண்டு அச்சொல் திறப்பு, வாயில் என்னும் பொருளில் நிற்கின்றது. ‘மருந்துவாயில்’ என்று நாம் வழங்கினால் பிழையில்லை. டைட்டானியம் என்னும் உலோகத்தாலோ உறுதியான பிளாஸ்டிக்காலோ ஆகிய, பெரிய நாணயம் அளவுள்ள சிறு கிண்ணம் அது. அதன் வாய் சிலிக்கோன் படலத்தால் மூடப்பட்டிருக்கும். அடியிலிருந்து புறப்படும் மெல்லிய குழாய், கழுத்திலோ காறை எலும்பின் கீழோ உள்ள பெருஞ்சிரை வழியே சென்று இதயத்தின் வாயிலருகே முடியும். (மக்கள் வழக்கில் ‘நரம்பில் ஊசி போடுதல்’ என்பது உண்மையில் சிரையில் போடுவதே.) படலத்தைச் சிதைக்காதவாறு முனை வளைக்கப்பட்ட தனி ஊசியால் தோலின் மேலிருந்தே குத்தி மருந்தைச் செலுத்துவர்.

இத்துணை ஏற்பாடு எதற்கு? புற்றுநோய் மருந்துகளுட் சில கடுமை மிக்கவை. நோயாளிகள் ‘சிவப்பு மருந்து’ என அழைக்கும் டாக்ஸோரூபிசின் கையின் சிறு சிரையிலிருந்து கசிந்தால் சுற்றியுள்ள தசையை வெந்த புண்ணாக்கிவிடும். பெருஞ்சிரையிலோ குருதி வெள்ளமெனப் பாய்வதால் மருந்து உடனே கலந்து நீர்த்துவிடுகின்றது.

இவ்வழி திறக்கப்பட்ட வரலாறு சுவையானது. கி.பி. 1000ஐ ஒட்டி, ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்த அல்ஸஹ்ராவி, தம் ‘தஸ்ரீஃப்’ என்னும் பெருநூலில் அறுவைக் கருவிகள் பலவற்றைப் படமாகவே வரைந்து வைத்தார். அதே நூலில், முற்றிப் பெருத்த புற்றைத் தாம் குணமாக்கியதுமில்லை, பிறர் குணமாக்கக் கண்டதுமில்லை என்று ஒளிக்காமல் எழுதினார். கருவி வல்லார் ஒருவர் கருவியின் எல்லையைச் சொல்லிய அந்நேர்மையை நாம் பெரிதும் மதிக்கின்றோம். பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1929இல், ஜெர்மனி நாட்டு இளம் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் தம் கையின் சிரை வழியே ஒரு குழாயைத் தம் இதயம்வரை தாமே செலுத்தி, ஊடுகதிர் அறைக்கு நடந்து சென்று படமும் எடுத்துக்கொண்டார். அன்று அவரைக் கடிந்தவர் பலர். 1956இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. தோலுக்கடியில் முழுவதும் மறைந்திருக்கும் இன்றைய மருந்துவாயில் 1982ஆம் ஆண்டளவில் மருத்துவ இதழ்களில் இடம்பெற்றது.

இனி வழக்கிற்கு வருவோம். பயன்படாத வாயிலையும் சும்மா விட்டுவிட இயலாது. குருதி உறைந்து குழாய் அடைபடாதிருக்க, உப்பு நீரோ ஹெப்பாரின் கலந்த நீரோ செலுத்திக் கழுவுதல் வேண்டும். நான்கு வாரத்திற்கு ஒருமுறை என்பது நெடுநாள் வழக்கம். மூன்று திங்களுக்கு ஒருமுறை கழுவினும் போதும் எனப் பிற்கால ஆய்வுகள் பல கூறுகின்றன. நகரத்தார்க்கு இஃது ஒரு மணி நேரப் பணி. மணவூர்த் தாயார்க்கோ ஒரு முழுநாள். விடியலில் மின்தொடர் வண்டி ஏறி, திருவள்ளூர் கடந்து சென்னை சேர்ந்து, பேருந்து மாறி, வரிசையில் நின்று, ஐந்து நிமிடம் ஊசி ஏற்று, இருட்டிய பின் வீடு திரும்புதல் வேண்டும். அன்றைய கூலியும் போம். துணைக்குச் செல்பவர் கூலியும் போம்.

2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தது, வண்டிகள் நின்றன. ஐந்து திங்கள் அவர் செல்ல இயலவில்லை. இறுதியில் வாடகை வண்டி அமர்த்திச் சென்றபோது குழாய் அடைபடாதிருந்தது இறைவன் அருள். ஆனால் அந்த ஐந்து திங்களும் இரவுதோறும் அவ்விடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே உறங்கியதாக அவர் பின்னர்க் கூறினார்.

அச்சம் முற்றும் வீண் என்று நாம் சொல்லமாட்டோம். வாயில் உள்ளவரை அதன் வழியே கிருமி குருதியிற் புக வாய்ப்புண்டு. குழாயைச் சுற்றிக் குருதி உறைந்து கை வீங்குவதுண்டு. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் நெருக்குண்டு குழாய் முறிவதும் அரிதாக உண்டு. காய்ச்சலும் குளிரும், வாயிலைச் சுற்றிச் சிவப்பு, கை அல்லது கழுத்தில் வீக்கம் ஆகியவை தோன்றின் அன்றே மருத்துவரிடம் சென்றாக வேண்டும்.

மறுபுறத்தையும் நோக்குவோம். நோய் மீளும் வாய்ப்பு மிகுந்தோர்க்குச் சிலகாலம் வாயிலை விட்டுவைக்குமாறு மருத்துவர் கூறுவதுண்டு. மார்பகப் புற்றின் ஒருவகைக்கு டிராஸ்டுசுமாப் என்னும் மருந்தை ஓராண்டுவரை தொடர்வர். அவர்கட்கு வாயில் இன்னும் தேவை. அக்குளில் நிணநீர்க் கணுக்கள் எடுக்கப்பட்டவர்களின் அப்பக்கக் கையில் ஊசி போடுவதைத் தவிர்ப்பர். மற்றைக் கையின் சிரைகளும் நலிந்திருப்பின் வாயில் பெருந்துணை. ஆகவே எல்லார்க்கும் ஒரே விடை இல்லை.

மாணவர் வீட்டில் இவ்வளவும் பேசப்பட்டன. மாமன்மார் பேசினர், மகன் பேசினார், அண்டை வீட்டாரும் பேசினர். “மறுபடி வந்தால் என்ன செய்வது? இருக்கட்டும்” என்பது மகனின் கட்சி. எடுத்துவிட்டால் நோயைச் சீண்டியதாகும் என்றார் ஒருவர். எடுக்காமலிருப்பதே நோய் போகவில்லை என்பதற்குச் சான்று என்றார் மற்றொருவர். இவ்விரண்டும் பொருளற்றவை. வாயிலை எடுப்பது குணமடைந்ததற்கு முத்திரையன்று. வைத்திருப்பது நோய் மீளும் என்பதற்கு அறிகுறியுமன்று. பின்னர்த் தேவை நேரின் புதிய வாயில் ஒன்றைப் பெரும்பாலும் பொருத்திக்கொள்ளவும் இயலும். இச்செய்தியை அவ்வீட்டில் எவரும் அறிந்திருக்கவில்லை.

பேசாதிருந்தவர் ஒருவரே. உற்றவரை முதலில் வைத்தார் வள்ளுவர். நாமோ அவரை அடுக்களையில் நிறுத்திவிட்டு முற்றத்தில் அமர்ந்து முடிவு செய்கின்றோம். நம் வீடுகள் எல்லாவற்றிலும், எச்சமயத்தார் ஆயினும், இதுவே நடைமுறை.

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மருத்துவரைக் கண்டபோது, அப்பெண் மருத்துவர் மகனை நோக்காமல் தாயாரையே நோக்கி, “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அம்மா?” என்று வினவினார். அதுவரை மகன் அறியாதவை அப்போதுதான் வெளிவந்தன. நாற்றுமுடி சுமக்கையில் கயிறு அவ்விடத்தில் உரசுகின்றது. பேரக்குழந்தை மார்பில் சாய்ந்தால் வலிக்கின்றது. கழுவும் நாளுக்கு மூன்று நாள் முன்னரே சோறு இறங்குவதில்லை. இனிச் செலுத்தவேண்டிய மருந்து ஏதுமில்லை என்பதையும், வலக்கையின் சிரைகள் நன்னிலையில் உள்ளன என்பதையும் மருத்துவர் ஆராய்ந்து, எடுத்துவிடலாம் என்றார். மீளும் வாய்ப்பு அறவே இல்லை என்று அவர் உறுதி கூறவில்லை. தாயாரும் அதனைக் கேட்கவில்லை.

அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, பழைய தழும்பின் மேலேயே சிறிது கீறி, அரைமணி அளவில் வாயிலை எடுத்துத் தையலிட்டனர். அன்று மாலையே வீடு திரும்பினார். எடுத்ததைக் காட்டும்படி கேட்டுப் பார்த்தாராம். “இவ்வளவுதானா!” என்றாராம்.

இன்றும் அவர் ஆறு திங்களுக்கு ஒருமுறை சோதனைக்காக அதே மணவூர் நிலையத்தில் வண்டி ஏறுகின்றார். துணைக்கு மகன் வருவதாகச் சொன்னாலும், வகுப்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று கூறிவிட்டுத் தனியாகவே போய் வருகின்றார்.