பறக்குமுன் கழற்றப்படும் ஆணி

உத்திரமேரூர்க்காரன் பேசுகிறான் என்றதும் குடவோலைக் கல்வெட்டைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. விமானம் கட்டுவோர் கையாளும், விரல் நீளமே உள்ள ஓர் ஆணி.

எங்கள் ஊர்த் தையற்காரர் சட்டையின் கையை உடலோடு இணைக்குமுன் பெரிய பெரிய தையலாக நூலோட்டிக்கொள்கிறார். இழுப்புத் தெரிந்தால் பிரித்துவிடுவார். சரியாக அமைந்தால்தான் இயந்திரத்தில் தைப்பார். அலுமினியத் தகட்டுக்கு அத்தகைய நூலோட்டமே ‘கிளீக்கோ’. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து நிறுவனம் ஒன்றின் பெயர்ச் சுருக்கம் அது.

அதன் உள்ளே ஒரு வில்சுருள். நுனியில் இரண்டு மெல்லிய கால்கள். இடுக்கியால் அழுத்தினால் கால்கள் நீண்டு ஒன்றுசேர்ந்து துளைக்குள் நுழையும். இடுக்கியைத் தளர்த்தினால் வில்சுருள் அவற்றை உள்ளே இழுக்க, கால்கள் விரிந்து இரு தகடுகளையும் கவ்விக்கொள்ளும். எந்த அளவுத் துளைக்கு எது என்பதை நிறமே சொல்லும்: அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 3.2 மில்லிமீட்டர் துளைக்குச் செம்பு நிறம்.

நேரே ரிவிட் அடித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அடிபடும் ரிவிட் பருத்துத் துளையை நிரப்பும்போது தகட்டைச் சிறிது தள்ளும். ஒரு முனையிலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டே போனால் அச்சிறு நகர்வுகள் சேர்ந்து, மறுமுனையில் துளையும் துளையும் பொருந்தாமற் போகும். தவறாக அடித்ததைத் துளைத்து எடுக்கலாம். ஆனால் துளை பெரிதாகிவிடும். ரிவிட்டின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து அதன் விட்டத்தைப்போல் இரு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. பெரிய துளைக்குப் பெரிய ரிவிட் வைத்தால் அந்த இடைவெளி போதாமற் போகலாம்.

1951இல் முதன்முதல் பறந்த எச்.டி.-2 போன்ற விமானங்களைக் கட்டிய பெங்களூர்த் தொழிற்சாலையில் பாகங்களைப் பிடித்து நிறுத்தப் பெரிய சட்டங்கள் இருக்கும். வீட்டிலேயே கட்டுபவருக்கு அந்த வசதி ஏது? மும்பையில் அமோல் யாதவ் என்னும் விமானி ஆறு பேர் அமரும் விமானத்தை அடுக்குமாடி வீட்டின் மொட்டைமாடியில் கட்டினார். அது 2016இல் கண்காட்சியில் வைக்கப்பட்டு, 2017இல் அரசின் பதிவும் பெற்றது.

இத்தகையோர் மிகவும் அஞ்சுவது இறக்கையின் முறுக்கலுக்குத்தான். மூடியில்லாத அட்டைப் பெட்டியை இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள், எளிதில் வளையும். மூடியை ஒட்டிவிட்டால் அசையாது. இறக்கையும் அப்படியே. கடைசித் தகட்டை ரிவிட் அடித்து மூடும் வேளையில் முறுக்கல் இருந்தால் அது அப்படியே நிலைத்துவிடும். இறங்கும்போது வேகம் குறைகையில் ஓர் இறக்கை மற்றதற்கு முன்பே தூக்கும் ஆற்றலை இழக்க, விமானம் ஒருபுறம் கவிழும். தரை அருகில் அதை நிமிர்த்த நேரம் இராது.

ஆகவே மூன்று துளைக்கு ஒன்றாகக் கிளீக்கோக்களை மாட்டி, கொத்தனாரின் தூக்குக்குண்டை இறக்கையின் இரு முனைகளிலும் தொங்கவிட்டு அளக்கிறார்கள். அளவு வேறுபட்டால் கழற்றி மறுபடி மாட்டுகிறார்கள். ஒத்து வந்த பிறகே ரிவிட் சுத்தியலைக் கையில் எடுக்கிறார்கள்.