ஏழையின் கூரையும் சர்க்காரின் கடமையும்

மின்சாரத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டால், ஏழைக் குடும்பங்களுக்குச் செய்யவேண்டியதெல்லாம் செய்து முடிந்ததென்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். இவ்வெண்ணம் பிழையானதென்பது நமது அபிப்பிராயம். ஓட்டைக் குடத்தில் நாள்தோறும் அதிகத் தண்ணீர் வார்ப்பதைவிட, ஓட்டையை ஒருமுறை அடைத்துக் கொடுப்பதன்றோ அறிவுடைமை?

கணக்கைப் பார்ப்போம். பழைய மாதிரி மின்விசிறி சுமார் 75 வாட் கொள்கிறது. பி.எல்.டி.சி. மோட்டார் அமைந்த புதிய விசிறி சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. தினம் 12 மணி நேரம் சுழன்றால், 60 நாட்களில் முன்னது 54 யூனிட்டை விழுங்கும். பின்னதற்கு 22 யூனிட் போதும். ஒரே விசிறியில் 32 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டு சர்க்கார் 2016-ஆம் வருஷம் மே மாதத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக அளிக்கத் தொடங்கியது. அந்த இலவசத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இந்த ஒரு விசிறியாலேயே மிஞ்சுகிறது.

ஆனால் மிச்சம் யாருக்கு? 100 யூனிட்டுக்குள் அடங்கும் குடும்பத்துக்குக் கட்டணமே இல்லை. ஆகவே அக்குடும்பம் விசிறியை மாற்றினாலும் அதற்கு ஒரு காசும் மிஞ்சாது. மிஞ்சுவது, அக்கட்டணத்தை ஏற்றிருக்கும் சர்க்காருக்கே. லாபம் அடைபவர் முதல் போடவேண்டுமென்பது வியாபார நியாயம். அன்றாடங்காய்ச்சியைப் பார்த்து, ‘நல்ல விசிறியை நீயே வாங்கிக்கொள்’ என்று உபதேசிப்பது எவ்விதத்திலும் நியாயமாகாது.

இது நடக்கக்கூடிய காரியமா என்று சந்தேகிப்போர் சமீபகாலச் சரித்திரத்தை நோக்குக. 2015-ஆம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி மத்திய சர்க்கார் ‘உஜாலா’ திட்டத்தைத் துவக்கிற்று. பொதுத்துறை மின் கம்பெனிகள் கூடி அமைத்த ஈ.ஈ.எஸ்.எல். என்னும் ஸ்தாபனம் எல்.இ.டி. விளக்குகளை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2014-இல் விளக்கு ஒன்றுக்கு ரூ.310 ஆக இருந்த கொள்முதல் விலை 2016-இல் ரூ.38-க்கு இறங்கிற்று. மின்கட்டணத்தோடு தவணையாகச் செலுத்தவும் வசதி செய்யப்பட்டது. இவ்வாறு 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் வீடு சேர்ந்தன. விளக்கில் முடிந்தது விசிறியில் ஏன் முடியாது?

விசிறியோடும் காரியம் முடிவதில்லை. தகரத்தின் கீழும் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் கீழும் வசிப்போர் கோடையில் படும் பாடு சொல்லுந்தரமன்று. எத்தனை விசிறி சுழன்றாலும் அங்கே அனற்காற்றே வீசும். கூரைமீது வெள்ளைப் பூச்சுப் பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். உள்ளே சூடு தணியும். தெலங்கானா சர்க்கார் 2023-இல் குளிர் கூரைக் கொள்கையொன்றை வெளியிட்டது. நல்ல காரியந்தான். ஆயினும் 600 சதுர கஜத்துக்குக் குறைந்த மனைகளிலுள்ள வீடுகளை உடையவரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. கையில் பணமில்லாதவனுக்கு விருப்பம் என்ன செய்யும்? அமெரிக்கா 1976-இலேயே, குறைந்த வருமானமுள்ளோர் வீடுகளைக் குளிர் புகாதபடி செப்பனிடுவதற்கு அரசுப் பணம் ஒதுக்கச் சட்டம் இயற்றிற்று. அங்கே குளிர், இங்கே வெயில். கடமை ஒன்றே.

குடிக்கூலிக்காரரின் நிலையோ இன்னும் பரிதாபம். கூரை வீட்டுக்காரருடையது, புழுக்கம் குடியிருப்பவருடையது. பல இடங்களில் வீட்டுக்காரர் தாம் வைத்த விகிதப்படி யூனிட்டுக்குப் பணம் வசூலிப்பதால், சர்க்காரின் இலவசமும் இவர்களை எட்டுவதில்லை. எனவே பொதுப்பணத்தால் செப்பனிடப்படும் வீட்டில், சில வருஷங்களுக்கு அந்தக் காரணத்தைக் காட்டி வாடகையை உயர்த்தலாகாதென்று நிபந்தனை விதிக்கவேண்டும். இன்றேல் ஏழையின் பெயரால் செலவாகும் பணம் வீட்டுக்காரரின் பெட்டிக்கே போய்ச் சேரும்.

நாம் கேட்பது பிச்சையன்று. இலவசக் கட்டணத்துக்காக வருஷந்தோறும் செலவாகும் பொதுப்பணத்தில் ஒரு பகுதியை, அச்செலவையே குறைக்கும் வேலைக்கு முன்கூட்டி ஒதுக்குங்கள் என்கிறோம். தேர்தல் மேடைகளில் எத்தனை யூனிட் இலவசமென்று போட்டியிடும் கட்சியினரை, எத்தனை கூரைகளைக் குளிரச் செய்தீர்கள் என்று தேசத்தொண்டர்கள் கேட்கத் தொடங்கவேண்டும். அக்கேள்வி ஊர்தோறும் எழுமாயின், விடை தானே வரும்.