வளையல் வைத்துக் கற்ற விமான சாஸ்திரம்

அம்மையார்குப்பத்தில் ஒரு நெசவாளியின் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, ஆகாய விமானம் கட்டும் வித்தையைக் கற்கப்போவதாக வீட்டில் சொன்னால், தகப்பனார் முதலில் கேட்பது என்னவாயிருக்கும்? விமானம் எப்படிப் பறக்கிறது என்றா கேட்பார்? பணத்துக்கு எங்கே போவது என்றுதான் கேட்பார். திருத்தணிக்கு அருகில், ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள அவ்வூர் லுங்கி நெசவுக்குப் பேர்போனது. தறி ஓடினால்தான் அங்கே உலை கொதிக்கும். அக்கேள்வியை அறியாமையென்று எவரும் இகழ வேண்டாம். நம் தேசத்தின் தலைசிறந்த விமான நிபுணர்களின் வீடுகளிலும் இதே கேள்விதான் எழுந்தது.

ஜனாப் அப்துல் கலாமின் மாணவப் பருவத்தை எடுத்துக்கொள்வோம். ஜனாதிபதி கலாமைப் பற்றிப் பேசாதார் இல்லை. கட்டணம் கட்ட வழியின்றித் தவித்த கலாமைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 1931-ல் இராமேசுவரத்தில் பிறந்து, இராமநாதபுரம் ஷுவார்ட்ஸ் பள்ளியிலும், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்து, 1954-ல் பௌதிகத்தில் பட்டம் பெற்றார். அதன் பிறகுதான், தமக்கு வேண்டியது பௌதிகமன்று, விமான சாஸ்திரமே என்று தெளிந்தார்.

அதைக் கற்பிக்க அப்பொழுது தமிழ்நாட்டில் ஒரு கலாசாலை இருந்ததே ஒரு தனி மனிதரின் தியாகத்தால்தான். ஸ்ரீ சி. ராஜம் என்னும் தொழிலதிபர், ‘இந்தியா ஹவுஸ்’ என்ற தமது மாளிகையை விற்று, அப்பணத்தைக் கொண்டு 1949-ல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கலாசாலையை நிறுவினார். தேசம் விடுதலையடைந்து அப்பொழுது இரண்டே வருஷங்கள். ரஸ்தாவும் பாலமும் போடக் கற்றால் போதுமென்று பலர் எண்ணியிருந்த காலத்தில், விமானம், மோட்டார், எலெக்ட்ரானிக்ஸ், கருவி நுட்பம் ஆகியவற்றை அங்கே பாடமாக வைத்தார். தனவந்தர்கள் பலர் நம்மிடையே உண்டு. வீட்டை விற்றுக் கலாசாலை கட்டியவர் எத்தனை பேர்?

அக்கலாசாலையில் கலாமுக்கு இடம் கிடைத்தது. சேருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். தகப்பனாரிடம் அத்தொகை இல்லை. தமக்கையார் ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அவற்றைத் தம் சம்பாத்தியத்திலேயே மீட்பதென்று தம்பி உறுதி பூண்டார். படிக்கும் காலத்தில் அவருக்கு ஏது சம்பாத்தியம்? உபகாரச் சம்பளம் ஒன்றுதான்.

பின்னால் நடந்ததன் கடுமை இதை அறிந்தால்தான் விளங்கும். தாழப் பறந்து தாக்கும் போர் விமானமொன்றுக்குத் திட்டம் வரையும் வேலை கலாமுக்கும் நான்கு நண்பர்களுக்கும் தரப்பட்டது. பேராசிரியர் ஸ்ரீநிவாசன் அதைப் பார்த்தார், திருப்தியில்லை. கலாம் ஒரு மாத அவகாசம் கேட்டார். அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலைக்குள் படம் வராவிட்டால் உபகாரச் சம்பளம் நிறுத்தப்படும் என்றார் பேராசிரியர். இராமேசுவரத்து வளையல்கள் அல்லவா அந்த உபகாரச் சம்பளத்தில் தொங்கிக்கொண்டிருந்தன! கலாம் இரவுச் சாப்பாட்டை விட்டு, வரைபலகை முன்னே விழித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை முடியும் தறுவாயில் பேராசிரியரே வந்து பார்த்து அணைத்துக்கொண்டார். கண்டிப்பு நல்லதுதான், ஆனால் வயிற்றைப் பிடித்துக் கண்டிப்பதை நாம் அவ்வளவு எளிதில் மெச்சுவதற்கில்லை.

கலாசாலைத் தமிழ்ச் சங்கம் அக்காலத்தில் ஒரு கட்டுரைப் போட்டி நடத்தியது. நமது விமானத்தை நாமே கட்டுவோம் என்ற பொருள்பற்றிக் கலாம் தமிழில் எழுதி முதற் பரிசு பெற்றார். பரிசளித்தவர் ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் தேவன். விமான சாஸ்திரத்துக்குத் தமிழ் இடங்கொடாது என்போர் இதைக் கவனிப்பார்களாக.

பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் என்ஜின் பிரித்துப் பூட்டும் பயிற்சி பெற்ற பின், விமானப் படையில் சேர டேராடூன் சென்றார். இருபத்தைந்து பேரில் எட்டுப் பேருக்கே இடம், இவர் ஒன்பதாவது. மனமுடைந்து ரிஷிகேசம் போய்த் தேறி, 1958-ல் டில்லியில் பாதுகாப்பு இலாகாவின் விமானப் பிரிவில் உத்தியோகம் ஏற்றார். அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். தமக்கையார் அடகு வைத்துத் தந்தது அச்சம்பளத்தில் நான்கு மாதத் தொகை என்று கணக்கிட்டுக்கொள்க. பிறகு பெங்களூரில் தரைக்குச் சற்று மேலே மிதந்தோடும் ‘நந்தி’ என்ற வாகனத்தைச் செய்தார். ஆதரித்து வந்த மந்திரி கிருஷ்ண மேனன் 1962-ல் பதவி விலகியதும் அது மூலையில் போடப்பட்டது. அந்த உழைப்பு வீண்போகவில்லை. அதுவே அவரை விக்ரம் சாராபாயின் விண்வெளிக் குழுவுக்குக் கொண்டுசேர்த்தது. 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து அமெரிக்க ராக்கெட் ஒன்று முதன்முதலாகக் கிளம்பியபொழுது, அதைப் பூட்டி அமைக்கும் பொறுப்பும் பாதுகாப்புப் பொறுப்பும் அவருடையவை. பளுதூக்கி பழுதாகவே, ராக்கெட்டை மனிதக் கைகளே ஏவுமேடையில் ஏற்றின.

இது பழங்கதை என்று தள்ளிவிடலாமா? குமரி மாவட்டத்துச் சரக்கல்விளையில் விவசாயி மகனாகப் பிறந்து, சர்க்கார் பள்ளியில் தமிழிலேயே படித்த ஸ்ரீ கை. சிவனும் பொறியியல் படிக்கவே விரும்பினார். பணமின்மையால் நாகர்கோவிலில் கணிதம் படிக்க நேர்ந்தது. பிறகு தகப்பனார் நிலத்தை விற்றாவது படிக்க வைக்கிறேன் என்று மனமிரங்க, அதே குரோம்பேட்டைக் கலாசாலையில் 1980-ல் விமானப் பொறியியலில் தேறினார். 1982-ல் இஸ்ரோவில் சேர்ந்து, 2018 முதல் 2022 வரை அதன் தலைவராயிருந்தார். கலாமுக்குப் பின் கால் நூற்றாண்டு கழிந்தும், மாளிகையும் வளையலும் போய் நிலம் வந்ததேயன்றி, விலைகொடுத்தது குடும்பந்தான்.

இன்று நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்தோருக்கு, 2021-ஆம் வருஷத்துச் சட்டப்படி பொறியியல் படிப்பில் 7.5 சதவிகித இடம் உண்டு. அவ்விடத்தில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்கிறது. அம்மையார்குப்பத்துத் தறி வீடுகள்தோறும் இதைச் சொல்ல ஆள் வேண்டும். கூட்டம் போடும் நமது தொண்டர்களுக்கு இதைவிட அவசரமான வேலை எது? சொன்ன பிறகும் தகப்பனாரிடம் ஒரு கேள்வி மிஞ்சும். மகன் குரோம்பேட்டை விடுதியிலிருக்கும் நான்கு வருஷமும் தறியில் குறையும் ஒரு ஜோடிக் கையின் கூலியை யார் தருவது? அக்கூலிக்கு எந்தச் சட்டத்திலும் இன்னும் ஒரு வரி எழுதப்படவில்லை.