'எனக்கு ஒண்டுமில்லை'

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் ஒரு பேஸ்மென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை கல்லூரிக்குப் போவதை நிறுத்தி இரண்டு மாதம். சன்னலைப் போர்வையால் மூடிவிட்டான். மேல்வீட்டார் தன்னைப் பற்றியே கதைக்கிறார்களாம். தாய் நாவூறு கழிக்கிறார், தகப்பன் பஞ்சி என்கிறார். 'விசர்' என்ற சொல்லை மட்டும் வீட்டில் ஒருவரும் எடுப்பதில்லை. டொக்டரிடம் கூப்பிட்டால், "எனக்கு ஒண்டுமில்லை" என்கிறான்.

அவன் பொய் சொல்லவில்லை. மனச்சிதைவில், நோய் இருப்பது தெரியாமல் போவதும் பலருக்கு நோயின் வேலைதான்.

மூளையின் பகுதிகள் கூட்டங்கூட்டமாய் இயங்குபவை. சும்மா இருந்து நமக்குள் பேசிக்கொள்ளும்போது ஒரு கூட்டம், கணக்குப் போடும்போது இன்னொன்று. எது கவனிக்கத் தக்கது என்று பொறுக்கி, இரண்டுக்கும் நடுவே நம்மை மாற்றிவிடுவது மூன்றாவது. அதன் முக்கிய உறுப்பு இன்சுலா. இன்சுலாவுக்கும் மூளையின் முன்பகுதிக்கும் இடையிலான போக்குவரத்து மனச்சிதைவு உள்ளவர்களிடம் தளர்ந்திருப்பதை லேனா பழனியப்பன், பீட்டர் லிடில் ஆகியோரின் குழு 2013இல் நியூரான் இதழில் காட்டியது. பொறுக்கும் வேலை பிசகினால் மேல்வீட்டுக் காலடிச் சத்தமும் தனக்கான சேதியாகிவிடலாம். ஆனால் இவை பலரின் ஸ்கான்களைச் சேர்த்துப் பார்த்த சராசரிகள். ஒருவருடைய ஸ்கானை மட்டும் வைத்து இந்நோய் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. 'ஸ்கான் கிளியர்' என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

ஒன்ராறியோவில் தெற்காசிய அகதிகளிடம் மனச்சிதைவு வகை நோய்கள் பொதுச் சனத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று 2015இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு சொன்னது. போரைக் கடந்துவந்த சனத்துக்கு இது அதிசயமில்லை. கஞ்சா 2018 முதல் சட்டப்படி விற்கிறது. அதனால் பதின்ம வயதில் அதைப் புகைப்பவர்களுக்கு இந்நோய் வரும் ஆபத்து குறைந்துவிடவில்லை.

பிள்ளை வர மறுத்தால்? தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு நேரும் நிலை என்றால், ஒரு வாரத்துக்குள் அவனைப் பார்த்த டொக்டர் படிவம் 1 எழுதலாம். 72 மணிநேரம் வரை வைத்துப் பரிசோதிக்க மட்டுமே அது. டொக்டரிடமே கொண்டுபோக முடியாவிட்டால் சமாதான நீதவானிடம் சத்தியம் செய்து படிவம் 2 கேட்கலாம். படிவம் 3 என்றால் விருப்பமில்லாமலே இரண்டு வாரம் வரை உள்ளே வைத்திருக்கலாம். அப்போது உரிமை ஆலோசகர் வந்து விளக்க வேண்டும், நோயாளி இதற்கென உள்ள சுயாதீன சபையிடம் முறையிடலாம், ஏழு நாளுக்குள் விசாரணை. பலர் அறியாத ஒன்று: உள்ளே வைத்திருப்பது வேறு, மருந்து கொடுப்பது வேறு. முடிவெடுக்கும் திறன் உள்ளவர் உள்ளே இருந்தபடியே மருந்தை மறுக்கலாம். 2003இல் ஸ்டார்சன் என்பவரின் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் அந்தப் பக்கம்தான் நின்றது. பெற்றவர்களுக்கு இது கசக்கும். சில நாள் எனக்கும்.

யாரை அழைப்பது என்பதும் முக்கியம். ரெக்ஸ்டேலுக்குப் பக்கத்து மால்ட்டனில் 2020 ஜூனில், மனச்சிதைவு இருந்த 62 வயது எஜாஸ் சௌத்ரிக்கு உதவி கேட்டுக் குடும்பம் அழைத்தது. பொலிஸார் சுட்டதில் அவர் இறந்தார். ரொறன்ரோவில் இப்போது 211ஐ அழைத்து, பொலிஸ் இல்லாத நெருக்கடிக் குழுவைக் கேட்கலாம். உயிராபத்து என்றால் 911தான்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கச் சின்னத் தங்கச்சியை நிறுத்தாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். "ரகசியம், எதையும் சொல்ல முடியாது" என்பார் டொக்டர். அவருக்குச் சொல்லத்தான் தடை, நீங்கள் சொல்வதைக் கேட்கத் தடையில்லை. நித்திரை எப்போது கெட்டது, போர்வை எப்போது சன்னலுக்கு ஏறியது என்று திகதி போட்டு எழுதி, அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.