தயிர்ச்சட்டியும் காதுக்குத்தும்

“தடிமன் புடிச்ச புள்ளைக்குத் தயிர் குடுக்காத. ராவைக்குக் காதுக்குத்து வரும்.” எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும், மட்டக்களப்பில் இந்த எச்சரிக்கையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. அம்மம்மா சொன்னால் சொன்னதுதான். தயிர்ச்சட்டி பிள்ளைக்கு எட்டாத தட்டுக்கு ஏறிவிடும். இப்போதோ அதே வீட்டில் பிள்ளையின் தாய் வேறு கதை சொல்கிறாள்: “நல்ல பக்டீரியா குடுத்தா காதில கிருமி புடிக்காதாம் அம்மா. தயிருக்குள்ள அது கோடிக்கணக்கில இருக்காம்.” ஒரே சட்டித் தயிர் ஒருத்திக்குக் குற்றவாளி, மற்றவளுக்கு மருந்து. யார் சொல்வது சரி?

முதலில் காதுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த சிறிய அறை ஒன்று உண்டு. அதுதான் நடுச்செவி. அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் இறங்குகிறது. ஊத்தேக்கியாவின் குழாய் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பெரியவர்களுக்கு அது நீளமாகவும் சரிவாகவும் இருக்கும். கைக்குழந்தைக்கோ கட்டையானது, ஏறக்குறைய கிடையானது. தடிமன் பிடித்ததும் குழாய் வீங்கி அடைபடுகிறது. நடுச்செவியில் நீர் கோக்கிறது. மூக்கின் பின்னால் காத்திருக்கும் நிமோகாக்கஸ், ஹீமோபிலஸ், மொரக்செல்லா போன்ற பக்டீரியாக்கள் அங்கே ஏறிப் பெருகுகின்றன. 6 மாதம் தொடக்கம் 2 வயது வரையான பிள்ளைகளை இது அதிகம் தாக்குவதற்குக் காரணம் இந்தக் குழாயின் அமைப்புத்தான். ஆறு மாதத்தில் 3 முறையோ, ஒரு வருடத்தில் 4 முறையோ வந்தால் வைத்தியர்கள் அதை ‘திரும்பத் திரும்ப வரும் நடுச்செவித் தொற்று’ என்று கணக்கெடுப்பார்கள்.

வலி போனபின்னும் நீர் பல வாரங்கள் தங்கிவிடலாம். அதனால் என்ன ஆகும் என்பதை மட்டக்களப்பாருக்கு விளக்குவது எளிது. வாவியில் மீன் பாடுவதைக் கேட்கப் போனவர்கள் தோணியில் சும்மா இருந்து கேட்பதில்லை. துடுப்பை நீருக்குள் விட்டு, அதன் மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்பார்கள். நீருக்கும் காற்றுக்கும் நடுவில் ஒலி இலகுவில் கடக்காது. ஆயிரத்தில் ஒரு பங்குதான் கடக்கும். துடுப்பு அந்த இடைவெளியைத் தாண்ட உதவுகிறது. காற்றில் வரும் ஒலியை உட்செவியின் நீருக்குள் அனுப்ப வேண்டிய நம் காதிலும் அதே சிக்கல் உண்டு. அங்கே துடுப்பின் வேலையைச் செய்பவை நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகள். அந்த அறை நீரால் நிரம்பினால் அவை சரியாக அசையா. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டும் பிள்ளை, பேச்சுப் பிந்தும் பிள்ளை என்று நாம் ஏசுகிறவர்களில் சிலருக்குக் காரணம் பிடிவாதமல்ல, இந்த நீர்தான்.

இனித் தாயின் வாதத்துக்கு வருவோம். போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே ‘புரோபயோட்டிக்’. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2001இல் கொடுத்த விளக்கம் இது. காது விடயத்தில் இதன் தர்க்கம் பஸ் இருக்கை மாதிரி: மூக்கின் பின்பக்கத்தில் நல்லவை முதலில் இடம்பிடித்துவிட்டால் கெட்டவைக்கு இருக்க இடமில்லை. போதாததற்கு, சில நல்ல பக்டீரியாக்கள் போட்டியாளரைக் கொல்லும் புரதங்களையும் சுரக்கின்றன.

இதைப் பலர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சுவீடனில் கிறிஸ்டியன் ரூஸ் குழுவினர் 108 பிள்ளைகளுக்கு முதலில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துவிட்டு, பிறகு அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நல்ல வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸை மூக்கில் விசிறினார்கள். 2001இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் அந்தப் பிள்ளைகளில் 42 வீதமானோர் நோயின்றி இருந்தார்கள். வெறும் திரவம் விசிறப்பட்டவர்களில் 22 வீதம்தான். அதே ஆண்டு வெளியான ஹெல்சிங்கி ஆய்வில், 571 பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஏழு மாதம் ‘ஜீஜீ’ என்ற லக்டோபசிலஸ் கலந்த பால் கொடுத்தார்கள். நோயால் பகல் பராமரிப்பு நிலையத்துக்கு வராத நாட்கள் மற்றவர்களுக்கு 5.8, அவர்களுக்கு 4.9. வித்தியாசம் ஒரு நாள்கூட முழுதாக இல்லை.

பிறகு வந்தவை ஆசையைக் குறைத்தன. காதுத் தொற்று அடிக்கடி வரும் 309 பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பின்லாந்தில் 24 வாரம் புரோபயோட்டிக் குளிசை கொடுத்தார்கள். 2007இல் வெளியான முடிவு, காதுக்குப் பயனில்லை என்றது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜோன் டாக் ஆராய்ந்த ‘கே12’ என்ற வாய்ப் பக்டீரியா பேர்போனது. பின்லாந்தில் 827 பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஆறு மாதம் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது: அதை எடுத்தவர்களில் 8.1 வீதமானோருக்கும் எடுக்காதவர்களில் 5.8 வீதமானோருக்கும் காதுத் தொற்றுக்காக நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்பட்டது. அது காப்பாற்றவில்லை.

17 ஆய்வுகளையும் 3,488 பிள்ளைகளையும் சேர்த்து எடைபோட்ட 2019ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வில்தான் விசித்திரமான தீர்ப்பு இருக்கிறது. அடிக்கடி காதுத் தொற்று வராத பிள்ளைகளுக்குப் புரோபயோட்டிக் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைப்பைத் தந்தது. அடிக்கடி வருகிற பிள்ளைகளுக்கோ ஒன்றுமேயில்லை. யாருக்காகத் தேடினோமோ அவர்களுக்குத்தான் உதவவில்லை.

சரி, நம் தயிர்? எருமைப் பாலைக் காய்ச்சி, விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மண்சட்டியில் ஊற்றி, நேற்றைய தயிரில் ஒரு கரண்டியை உறையாக விடுகிறார்கள். பசும்பாலில் 4 வீதமளவில் இருக்கும் கொழுப்பு எருமைப் பாலில் 7, 8 வீதம். மிஞ்சிய நீரைச் சட்டியின் சுவர் குடித்துவிடும். அதனால்தான் நல்ல தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. உயிருள்ள பக்டீரியா அதில் நிறையவே உண்டு. ஆனால் எந்த வகை?

நெல் என்றால் எல்லாம் ஒன்றா? கீரிச்சம்பா வேறு, சிவப்பு நாடு வேறு, சோறாக்கும்போது தெரியும். லக்டோபசிலஸும் அப்படித்தான். ஆய்வுகளில் கொடுத்தவை பெயரும் எண்ணிக்கையும் தெரிந்த குறிப்பிட்ட வகைகள். சட்டித் தயிரில் இருப்பது வீட்டுக்கு வீடு, உறைக்கு உறை மாறும் கலவை. கல்சியமும் புரதமும் உள்ள அருமையான உணவு அது. ஆறு மாதம் கடந்த பிள்ளைக்குச் சீனியோ பாணியோ சேர்க்காமல் சிறிது சிறிதாக ஊட்டலாம். காது மருந்து என்று மட்டும் அதற்குப் பட்டம் கட்ட முடியாது.

அம்மம்மாவின் குற்றச்சாட்டும் பாதிதான் நிற்கிறது. தடிமனுக்குப் பின்னால் காதுக்குத்து வரும் என்று அவர் கண்டது நூற்றுக்கு நூறு சரி. தடிமனைக் கொண்டுவருவது வைரஸ், தயிரல்ல. பால் குடித்தால் சளி கூடுமா என்று அவுஸ்திரேலியாவின் அடிலெயிட்டில் 60 பேருக்குத் தடிமன் வைரஸைத் தொற்றவைத்துச் சோதித்தார்கள். 1990இல் வெளியான அந்த ஆய்வில், பால் குடித்த அளவுக்கும் மூக்குச் சளியின் நிறைக்கும் தொடர்பு காணப்படவில்லை.

அப்படியானால் காதைக் காப்பது எது? முதலாவது தாய்ப்பால். இதில் இலங்கை தலைநிமிரலாம்: 2016ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். போத்தல் பால் கொடுக்க நேர்ந்தால், மல்லாக்கப் படுக்கவைத்துக் கொடுக்கக் கூடாது. பிள்ளை இருக்கும் வீட்டில் சிகரெட், பீடி வேண்டாம். விறகடுப்புப் புகை வெளியேற வழி வேண்டும். தடிமன் காலத்தில் கை கழுவுவது முக்கியம். 2008 முதல் நம் தடுப்பூசி அட்டவணையில் உள்ள ஹிப் ஊசி, காதுத் தொற்றைத் தரும் ஹீமோபிலஸ் வகைகளில் பெரும்பாலானவற்றைத் தடுக்காது. காதுக்குக் கூடுதலாக உதவுவது நிமோகாக்கஸ் தடுப்பூசி. அதைப் பற்றிப் பிள்ளை வைத்தியரிடம் கேளுங்கள்.

காசு கொடுத்துப் புரோபயோட்டிக் குளிசை வாங்குமுன் ஒரு எச்சரிக்கை: குறைமாதத்தில் பிறந்த, அல்லது நோய் எதிர்ப்பு குன்றிய பிள்ளைகளுக்கு அது அரிதாக இரத்தத் தொற்றையே தரலாம். அவர்களுக்கு வைத்தியர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

காதுக்குத்து வந்த இரவில், நிறைக்கேற்ற அளவில் பெனடோல் போதும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையானால், காய்ச்சல் கடுமையானால், காதிலிருந்து சீழ் வந்தால் உடனே வைத்தியசாலை போங்கள். ஆறு மாதத்தில் மூன்று முறை வந்தால் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் காட்டிக் கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெயை மட்டும் அடுப்படியிலேயே விட்டுவிடுங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் அது நேரே நடுச்செவிக்குள்தான் போகும். தயிரைச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். காதில் எதையும் ஊற்றாதீர்கள்.