ஹெல்மெட் காப்பது மண்டையோட்டை

அமெரிக்கக் கால்பந்து வீரருக்குக் கெட்டி பிளாஸ்டிக் ஹெல்மெட், முகத்துக்குக் கம்பித் தடுப்பு, தோளுக்குத் தடித்த கவசம். ரக்பி வீரருக்குப் பற்காப்பு. வேண்டுமானால் ஒரு மெல்லிய தலையுறை. கவசம் கூடினால் ஆபத்து குறையும் என்றுதான் நினைப்போம். மூளை விஷயத்தில் அந்தக் கணக்கு உதைக்கிறது.

உள்ளே ஆடும் மூளை

ஹெல்மெட் மண்டையோடு உடைவதைத் தடுக்கிறது. அது சிறிய உதவியல்ல. 1905-இல் அமெரிக்கக் கால்பந்தில் உயிரிழப்புகள் பெருகி, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டியிருந்தது. தொழில்முறை லீக் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது 1943-இல்.

ஆனால் மூளை திரவத்தில் மிதக்கிறது. ஓடிவரும் தலை சட்டென்று நின்றாலோ திருகினாலோ, கவசத்துக்குள்ளும் அது குலுங்கி முறுக்கிக்கொள்ளும். மூளையதிர்ச்சி வருவது இப்படித்தான்.

தலையே ஆயுதமானபோது

கவசம் தந்த துணிச்சலில், எதிராளியைத் தலையால் முட்டி வீழ்த்தும் பழக்கம் பரவியது. கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்த இளைஞர்கள் பலர். 1976-இல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் அப்படி முட்டுவது தடைசெய்யப்பட்டதும் இந்த முடக்கங்கள் வெகுவாகக் குறைந்தன. இதில் பெரும்பங்கு ஹெல்மெட்டுடையது அல்ல, விதியுடையது.

ரக்பியில் எதிராளியைக் கைகளால் வளைத்துப் பிடித்தே வீழ்த்த வேண்டும். தோளுக்கு மேல் பிடித்தால் தண்டனை. அதற்காக ரக்பியைப் பத்திரமான ஆட்டம் என்று சொல்லிவிட முடியாது. 2003-இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்ப்சனுக்கு நாற்பதுகளிலேயே மறதிநோய். அந்த வெற்றியே தன் நினைவில் இல்லை என்கிறார். மெல்லிய தலையுறை வெட்டுக்காயத்தையும் காது சிதைவதையும் குறைக்கும். மூளையதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்பி அதை வாங்க வேண்டாம்.

சிறு அடிகளும் சேரும்

அமெரிக்கக் கால்பந்தில் பிட்ஸ்பர்க் அணிக்கு ஆடிய மைக் வெப்ஸ்டர் 2002-இல் 50 வயதில் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, தொடர் அடிகளால் வரும் மூளைச் சிதைவை அதில் கண்டார். 2017-இல் வெளிவந்த ஆய்வில், தொழில்முறை வீரர்களின் 111 மூளைகளில் 110-இல் இதே சிதைவு. ஆனால் அவை குடும்பத்தார் தானமாகத் தந்தவை. சந்தேகம் இருந்தவர்களே அதிகம் தந்திருப்பார்கள். எல்லா வீரர்களுக்கும் இந்த விகிதத்தைப் பொருத்தக் கூடாது. மயக்கமே வராத சிறு அடிகளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கெடுக்கின்றன என்பதே கவலை.

அடிபட்டால்

கொழும்பிலும் கண்டியிலும் பள்ளிப் பிள்ளைகள் ரக்பி ஆடுகிறார்கள். அவர்களின் பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மயங்கி விழுந்தால்தான் மூளையதிர்ச்சி என்பதில்லை. தலைவலி, தடுமாற்றம், குமட்டல், கேட்டதையே திரும்பக் கேட்பது, வெளிச்சம் கூசுவது ஆகியவையும் அறிகுறிகளே. சந்தேகம் வந்தாலே ஆட்டத்தை விட்டு வெளியேற்றுங்கள். அன்று மறுபடி ஆட விடாதீர்கள். முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாவது அடி உயிரையே பறிக்கக்கூடும்.

தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்ப முடியாத தூக்கம் கவிந்தாலோ உடனே மருத்துவமனை. கழுத்து வலிக்கிறது என்றால் ஆளை அசைக்காதீர்கள். ஹெல்மெட் அணிந்திருந்தால், பயிற்சி பெற்றவர் வரும்வரை அதைக் கழற்றவும் வேண்டாம்.